மார்பில் ஒரு கருவி, எதிரே ஒரு கதிர்

(முதியோர் நலக் கூட்டம் ஒன்றில் மருத்துவ இயற்பியலாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1958ஆம் ஆண்டு அக்டோபர் 8. சுவீடன் நாட்டில் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா மருத்துவமனை. ஆர்னே லார்சன் என்கிற 43 வயதுக்காரருக்கு, உடலுக்குள் முழுவதுமாகப் புதைக்கும் பேஸ்மேக்கர் உலகிலேயே முதல்முறையாகப் பொருத்தப்பட்டது. ஒரு நாளில் இருபது முப்பது தடவை நினைவு தப்பி விழுந்துகொண்டிருந்த மனிதர் அவர். அறுவை செய்தவர் ஓகே சென்னிங். கருவியைச் செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர். மின்சுற்றைப் பிசினில் வார்த்தெடுக்க எல்ம்க்விஸ்டுக்கு அச்சாக உதவியது ஒரு ஷூ பாலிஷ் டப்பா. அந்த முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. உடனே இன்னொன்று வைத்தார்கள். பிறகு இன்னொன்று. இப்படி இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு லார்சன் 2001 வரை இருந்தார். அறுவை செய்த மருத்துவரும் கருவி செய்த பொறியாளரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். 86 வயதில் லார்சன் இறந்தபோது காரணம் இதயம் அல்ல, தோல் புற்றுநோய்.

நான் பேச வந்ததற்கு அதுவே காரணம். பேஸ்மேக்கர் சிலருக்கு இருபது வருடம், முப்பது வருடம்கூடக் கூடுதலாகக் கொடுக்கிறது. அந்த வருடங்களில்தான் புற்றுநோயும் வருகிறது. இதயத் துடிப்புக் கோளாறு, புற்றுநோய் இரண்டுமே வயது ஏற ஏறக் கூடும் நோய்கள். அதனால் இதயத்தில் கருவி வைத்தவர் கதிர்வீச்சு சிகிச்சைக்கு வந்து நிற்பது இப்போது ஒன்றும் அதிசயமில்லை. எங்கள் துறையில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வருகிறவர் எந்த மனநிலையில் வருகிறார் என்று பாருங்கள். நம் ஊரில் இந்தச் சிகிச்சைக்குக் 'கரண்டு வைக்கிறது' என்றுதான் பேர். செல்போனைச் சட்டைப் பையில் வைக்காதே, காந்தத்தின் பக்கம் போகாதே, எம்.ஆர்.ஐ. என்றால் முதலில் கேட்டுக்கொள் என்று பத்து வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகியவரிடம், "இருபத்தைந்து நாள் கரண்டு வைக்கணும்" என்று சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? சிலர் கேட்டதோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சிலர், பேஸ்மேக்கர் இருப்பதைச் சொன்னால் சிகிச்சையை மறுத்துவிடுவார்களோ என்று சொல்லாமலே இருந்துவிடுவார்கள். என் அனுபவத்தில் இந்த இரண்டும் கதிரைவிட ஆபத்தானவை.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம். காறை எலும்புக்குக் கீழே, பெரும்பாலும் இடது பக்கம், தோலுக்கடியில் ஒரு சின்ன உலோகப் பெட்டி. அதிலிருந்து இதயத்துக்குள் போகும் கம்பிகள், லீட் என்பார்கள். துடிப்பு மெதுவாகிப் போனால் தூண்டிவிடுவது பேஸ்மேக்கர். தாறுமாறாக வேகமெடுத்தால் உள்ளேயே ஷாக் கொடுத்து நிறுத்துவது ஐ.சி.டி. முன்னதைவிட இது சிக்கலான கருவி. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1980இல் மனிதருக்கு முதலில் பொருத்தினார்கள். மிஷேல் மிரோவ்ஸ்கி என்பவரின் பிடிவாதத்தால் வந்த கருவி. இதயத்தின் இரு பக்கங்களையும் ஒருங்கே துடிக்க வைக்கும் மூன்றாவது வகையும் உண்டு. இன்று என் பேச்சு பெரும்பாலும் முதல் இரண்டையும் பற்றியது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1970இல் பாரிஸில் ப்ளூட்டோனியம் 238 வைத்து ஓடும் பேஸ்மேக்கரைப் பொருத்தினார்கள். மின்கலம் சீக்கிரம் தீர்ந்துபோகிற தொல்லைக்குத் தீர்வாக அணுசக்தி! கதிர்வீச்சைக் கண்டால் இன்று நாம் பதறுகிற அதே கருவிக்குள்ளேயே கதிரியக்கப் பொருள் உட்கார்ந்திருந்தது, ஓடவும் ஓடியது. லித்தியம் மின்கலங்கள் வந்தபின் அதற்கு வேலையில்லாமல் போயிற்று.

அந்தக் காலத்துக் கருவிகள் கதிரைத் தாங்கியதற்குக் காரணம் அவற்றின் எளிமை. உள்ளே சில டிரான்சிஸ்டர்கள், அவ்வளவுதான். பின்னால் சீமாஸ் என்கிற வகைச் சில்லுகள் வந்தன. மின்சாரத்தை மிகக் குறைவாகக் குடிக்கும், நினைவகம் இருக்கும், வெளியிலிருந்து நிரலை மாற்றலாம். நோயாளிக்கு இவையெல்லாம் பெரிய வரப்பிரசாதம். ஆனால் சில்லு நுணுக்கமாக ஆக ஆக, அதைக் கெடுக்க ஒரு சின்னத் துகளே போதும் என்றாகிவிட்டது.

கெடுவது எப்படி? சில்லுக்குள் மின்கடத்தாத மெல்லிய ஆக்சைடு அடுக்கு ஒன்று இருக்கிறது. எக்ஸ் கதிர் அதன் வழியே போகப் போக அங்கே மின்னூட்டம் சிக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். சேர்ந்தால் மின்சாரம் கசியும், மின்கலம் சீக்கிரம் தீரும், ஒரு கட்டத்தில் கருவியே தடுமாறும். இது மெதுவாக நடப்பது. மொத்த அளவைப் பொறுத்தது. கருவி கதிரின் நேர்ப்பாதையில் இல்லாவிட்டால் பெரும்பாலும் கவலைப்படும் அளவை எட்டாது.

இன்னொன்று, கதிர் ஓடும் அந்த நிமிடங்களில் மட்டும் வரும் குழப்பம். கதிர் நேராகப் பட்டால் சுற்றில் எழும் மின் இரைச்சலை இதயத் துடிப்பென்று கருவி தப்பாக எண்ணிக்கொள்ளும். பேஸ்மேக்கராக இருந்தால், "இதயம்தான் துடிக்கிறதே" என்று தூண்டுவதை நிறுத்திவிடும். ஐ.சி.டி.யாக இருந்தால், "அடேயப்பா, என்ன வேகம்" என்று ஷாக் கொடுத்துவிடும். கதிரை அணைத்ததும் சரியாகிவிடும். அரிதாக நடப்பதுதான். ஆனாலும் தன் சொந்தத் துடிப்பே இல்லாமல் முழுக்கக் கருவியை நம்பியிருப்பவருக்குச் சில நொடி நிறுத்தம்கூடப் பெரிய விஷயம்.

மூன்றாவதில்தான் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன். ஏனென்றால் நிஜத்தில் நடப்பது அதுதான், தடுக்கக்கூடியதும் அதுதான். நியூட்ரான்.

கதிர்வீச்சு அறையில் நீங்கள் பார்க்கும் பெரிய இயந்திரம் லீனியர் ஆக்சிலரேட்டர், சுருக்கமாக லினாக். எலெக்ட்ரான்களை முடுக்கி ஓர் உலோக இலக்கில் மோதவிட்டு எக்ஸ் கதிர் உண்டாக்குவது. அதன் வலிமையை மெகா வோல்ட்டில், எம்.வி. என்று சொல்வோம். 6 எம்.வி., 10 எம்.வி., 15 எம்.வி., 18 எம்.வி. என்று பல படிகள் உண்டு. வலிமை கூடினால் கதிர் உடலில் ஆழமாகப் போகும். அதனால் முன்பெல்லாம் பருத்த உடம்புக்காரரின் இடுப்புப் பகுதிக்கு, புராஸ்டேட் போன்றவற்றுக்கு, 15 அல்லது 18 எம்.வி.யைத்தான் எடுப்போம். அதில் தப்பே கிடையாது. ஆனால் 10 எம்.வி.யைத் தாண்டும்போது அந்த எக்ஸ் கதிர் இயந்திரத்தின் தலைப்பகுதியில் இருக்கும் டங்ஸ்டன், ஈயம் ஆகியவற்றின் அணுக்கருவிலிருந்து நியூட்ரான்களைக் கணிசமாக உதிர்க்கிறது.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. கதிரின் பாதை, ஓரம் என்கிற எல்லைகளை அது மதிப்பதில்லை. அறை முழுக்கச் சுற்றும், சுவரில் பட்டுத் திரும்பும், வேகம் குறைந்து அலையும். சில வகைச் சில்லுகளில் காப்புக் கண்ணாடியாகப் போரான் கலந்த பொருள் இருக்கும். வேகம் குறைந்த நியூட்ரான் என்றால் போரான் 10 அணுவுக்குக் கொள்ளை ஆசை. விழுங்கிவிட்டு உடைந்து, ஓர் ஆல்ஃபா துகளையும் ஒரு லித்தியம் கருவையும் வெளியே வீசும். இதெல்லாம் நினைவகத்துக்கு மயிரிழை தூரத்தில் நடக்கிறது. அங்கே சுழியாக இருந்த ஒரு பிட் ஒன்றாகிவிடும். கருவி தன்னைத் தானே சோதித்துப் பார்க்கும், கணக்கு உதைக்கும், "எனக்கு என்னமோ ஆகிவிட்டது" என்று ரீசெட் ஆகி, தொழிற்சாலையில் வைத்த பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். உயிர் காக்கத் தேவையான அடிப்படைத் தூண்டல் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் உங்கள் இதய மருத்துவர் உங்களுக்கென்று பார்த்துப் பார்த்து அமைத்த நிரல் போய்விடும். சிலருக்குக் களைப்பு, படபடப்பு, தலைசுற்றல். பலருக்கு ஒன்றுமே தெரியாது, அடுத்த சோதனையில்தான் தெரியவரும்.

கவனியுங்கள், இங்கே புராஸ்டேட்டுக்கும் மார்புக்கும் உள்ள தூரம் உங்களைக் காப்பாற்றாது. "சிகிச்சை இடுப்பில்தானே, பெட்டி நெஞ்சில்தானே" என்று அலட்சியமாக இருந்த மருத்துவர்கள் உண்டு. எக்ஸ் கதிரைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி, நியூட்ரானைப் பொறுத்தவரை தப்பு.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் தன் நோயாளிகளின் பதிவுகளைத் திரும்பிப் பார்த்து 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கருவி வைத்தவர்களுக்கு நடந்த 249 சிகிச்சைகள். அவற்றில் நினைவகம் புரண்டு கருவி கெட்டது 15 தடவை. அந்தப் பதினைந்தும் நியூட்ரான் உண்டாக்கும் வலிமையில் நடந்த சிகிச்சைகளில்தான் ஏற்பட்டன. நியூட்ரான் உண்டாகாத 178 சிகிச்சைகளில் ஒன்றுகூட இல்லை. நியூட்ரான் உண்டாக்கியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் ஐந்தில் ஒன்றில் கருவி புரண்டிருக்கிறது. ஐ.சி.டி. வைத்தவர்களுக்கு மூன்றில் ஒன்று. மருத்துவ ஆய்வுகளில் இவ்வளவு பளிச்சென்று ஒரு பிரிவு தெரிவது அபூர்வம். இதைப் படித்த பிறகும் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு 18 எம்.வி.யில் திட்டம் போடுகிறவரிடம், அதற்கு என்ன காரணம் என்று எழுத்தில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. இப்போதைய கணினித் திட்டமுறைகளில் பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி 6 அல்லது 10 எம்.வி.யிலேயே ஆழமான கட்டிக்கும் சிகிச்சை தர முடிகிறது. உயர்ந்த வலிமை இல்லாவிட்டால் முடியாது என்னும் நிலை மிகவும் குறைவு.

அடுத்தது அளவு. கதிரின் அளவைக் கிரே என்று சொல்வோம். மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று வாரத்தில் 40 கிரே, ஐந்து வாரத்தில் 50 கிரே என்பவை வழக்கமான அளவுகள். 1994இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் தன் 34ஆம் பணிக்குழு அறிக்கையில் பேஸ்மேக்கருக்கு மொத்தம் 2 கிரே என்று எச்சரிக்கைக் கோடு போட்டது. கருவியை ஒருபோதும் கதிரின் நேர்ப்பாதையில் வைக்காதே என்றும் சொன்னது. 40 கிரே மூன்று வாரம் என்றால் ஒரு நாளைக்கு 2.67 கிரே. அதாவது, பெட்டி ஒரே ஒரு நாள் நேர்க்கதிரில் மாட்டினாலே கோட்டைத் தாண்டிவிடும். கால் நூற்றாண்டு கழித்து, 2019இல், அதே சங்கத்தின் 203ஆம் பணிக்குழு இதைத் திருத்தி எழுதியது. 2 கிரேயோடு 5 கிரே என்னும் கோடும் சேர்ந்தது, நியூட்ரானுக்குத் தனி எச்சரிக்கை வந்தது. இடையே 2017இல் இதயத் துடிப்பு மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டறிக்கையும் ஏறத்தாழ இதையே சொன்னது. கருவி செய்யும் கம்பெனிகளைக் கேட்டால் ஆளுக்கொரு பதில். சிலர் ஓர் எண் சொல்வார்கள், சிலர் எந்த எண்ணையும் சொல்ல மாட்டார்கள். அவர்களுடைய வழக்கறிஞர்கள் கெட்டிக்காரர்கள்.

சிக்கலான நிலை இடது மார்பகம், இடது நுரையீரலின் மேற்பகுதி, கழுத்தின் கீழ்ப்பகுதி. பெட்டி அங்கேயே பக்கத்தில் இருக்கிறது. கோணத்தை மாற்றலாம், கதிரின் ஓரத்தைச் செதுக்கலாம். நிறையப் பேர் கேட்பது: "ஈயத் தகட்டை மேலே போட்டு மூடிவிடலாமே?" தோட்டத்தில் குழாயைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் பீய்ச்சினால், தரையில் பட்டுத் தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் நிற்பவரின் காலை நனைக்கும். அவர் குடை பிடித்து என்ன பயன்? அப்படித்தான் இதுவும். இயந்திரத்தின் தலையிலிருந்து கசிந்து வருவதை ஈயத் தகடு கொஞ்சம் தடுக்கும். பெட்டி கதிரின் ஓரத்துக்கு அருகில் இருக்கும்போது அதை அடைவதில் பெரும்பகுதி உடம்புக்குள்ளேயே சிதறி வருவது. மேலே போடும் தகடு அதை ஒன்றும் செய்யாது. நியூட்ரானையும் ஈயம் தடுக்காது.

எவ்வளவு சேரும் என்று திட்டமிடும் கணினி ஒரு கணக்குச் சொல்லும். கதிரின் ஓரத்தைத் தாண்டிய இடங்களில் அந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் பழக்கமுள்ளது. அதனால் முதல் நாள் பெட்டியின் மேல் ஒரு சிறிய அளவி வைத்து நேரில் அளந்துவிட வேண்டும். நோயாளிக்கு வலியில்லை, செலவில்லை, சில நிமிட வேலை. இதைச் செய்யாமல் "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்று கோப்பை மூடுவது எங்கள் தொழிலுக்கு அழகல்ல.

எந்த வழியும் இல்லாமல் பெட்டி கதிரின் பாதையிலேயே இருந்தால் அதை அறுவை செய்து வலது பக்கம் மாற்றுவதும் உண்டு. அது கடைசி வழி. ஏற்கெனவே புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருக்கும் உடம்பில், தோலுக்கடியில் பெட்டி இருக்கும் பழைய இடத்தைத் திறந்தால் கிருமித்தொற்று வரும் அபாயம் உண்டு. சிகிச்சையும் தள்ளிப்போகும். 5 கிரேக்குள் அடங்குமானால், நியூட்ரானும் இல்லையென்றால், மாற்ற வேண்டாம் என்பதே 2017 அறிக்கையின் வழிகாட்டல். பயத்தில் பெட்டியை மாற்றச் சொல்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஐ.சி.டி. வைத்தவர்களுக்காக ஒன்று. சிகிச்சை நேரத்தில் தப்பான ஷாக் வராமலிருக்க, தேவைப்பட்டால் ஷாக் பகுதியைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள். ப்ரோகிராமர் என்ற கருவியால் செய்யலாம், மேலே ஒரு காந்தம் வைத்தும் செய்யலாம். பேஸ்மேக்கரின் மேல் காந்தம் வைத்தால் அது இதயத்தைக் கவனிக்காமல் ஒரே சீராகத் துடிக்கவைக்கத் தொடங்கும். ஐ.சி.டி.யில் ஷாக் மட்டும் நிற்கும், தூண்டல் முறை மாறாது. இந்த வித்தியாசம் அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காந்தத்தை எடுத்தால் ஷாக் தானே திரும்பிவிடும். ப்ரோகிராமரால் நிறுத்தியது தானாகத் திரும்பாது. யாராவது மறுபடி இயக்க வேண்டும். அந்த "யாராவது" யார்? சாயங்காலம் ஐந்து மணிக்கு, கம்பெனி ஆள் கிளம்பிப் போன பிறகு? நோயாளி வீட்டுக்குப் போகும்போது அவர் நெஞ்சில் இருக்கும் கருவி தூங்கிக்கொண்டிருந்தால், அவரைப் பாதுகாப்பாகக் கவனித்தோம் என்று எப்படிச் சொல்வது? நிறுத்தியவர் பெயரும் திரும்ப இயக்கியவர் பெயரும் ஒரே தாளில், நேரத்தோடு இருக்க வேண்டும்.

நம் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். கோபால்ட் இயந்திரத்தைப் பழசு என்று இளக்காரமாகப் பார்க்கிறோம். இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த பாபாட்ரான் உட்பட, கோபால்ட் 60 கதிர் 1.17, 1.33 மெகா எலெக்ட்ரான் வோல்ட் அளவில்தான் வருகிறது. நியூட்ரான் பிறக்க அந்த ஆற்றல் போதாது. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு நியூட்ரான் கவலையே இல்லாத இயந்திரம் அது. ஓரச் சிதறல் லினாக்கைவிடக் கூடுதல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு உள்ளே வைத்துத் தரும் இரிடியம் 192 சிகிச்சையிலும் நியூட்ரான் கிடையாது. நெஞ்சிலிருந்து தூரமும் அதிகம். அந்தப் பெண்கள் பயப்படத் தேவையில்லை, சோதனை மட்டும் செய்துகொண்டால் போதும். நேர்மாறாக, சென்னை தரமணியில் 2019இலிருந்து இயங்கும் அப்பல்லோ மையத்தைப் போன்ற புரோட்டான் இயந்திரங்கள் மிக நவீனமானவை. ஆனால் புரோட்டான் உடம்புக்குள்ளேயே நியூட்ரானை உண்டாக்கும். மெல்லிய கற்றையால் கட்டியை வருடிச் செல்லும் புது முறையில் அது குறைவு, இல்லாமலில்லை. விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி நம் நாட்டுக் கதிர்வீச்சு மையம் ஒவ்வொன்றிலும் மருத்துவ இயற்பியலாளரும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும் இருந்தாக வேண்டும். ஆள் இருக்கிறார்கள். ஆனால் இதய மருத்துவர் ஒரு கட்டடத்தில், புற்றுநோய் மருத்துவர் வேறு ஊரில், பேஸ்மேக்கர் பொருத்திய மருத்துவமனை மூன்றாவது ஊரில். மூவரும் ஒரு முறையாவது போனில் பேசினார்களா என்றால் பல சமயம் இல்லை. இதய மருத்துவர் சொல்ல வேண்டியது சிறிதுதான்: கருவி எந்த மாதிரி, மின்கலம் எவ்வளவு மீதி, இவர் முழுக்கக் கருவியை நம்பியிருப்பவரா. இந்த மூன்றும் தெரியாமல் நாங்கள் திட்டம் போடுவது குருட்டு வேலை.

பெரியவர்களே, உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். பேஸ்மேக்கர் வைத்தபோது கையளவு அட்டை ஒன்று கொடுத்திருப்பார்கள், கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் போட்டிருக்கும். பலர் அதை வங்கி லாக்கரில் வைத்திருக்கிறார்கள். எடுத்து நகல் போட்டு ஒன்றைப் பர்ஸிலும் ஒன்றைப் பிள்ளைகளிடமும் கொடுங்கள். புற்றுநோய் மருத்துவமனையில் முதல் நாளே, ஸ்கேனுக்குப் படுக்கும் முன்பே, கருவி இருப்பதைச் சொல்லுங்கள். சட்டையைக் கழற்றும்போது தெரியாதா என்று விட்டுவிடாதீர்கள். "எத்தனை எம்.வி.யில் தரப்போகிறீர்கள், என் கருவிக்கு எத்தனை கிரே சேரும்?" என்று தயங்காமல் கேளுங்கள். பதில் தெரிந்தவர் கோபிக்க மாட்டார். சிகிச்சை தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்த பின் ஒரு முறை கருவியைச் சோதித்துக்கொள்ளுங்கள். அதிக அபாயம் உள்ளவர்கள் வாரம் ஒரு முறை. சிகிச்சை நாட்களில் தலைசுற்றினாலோ, மயக்கம் வந்தாலோ, மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லுங்கள்.

நெஞ்சில் கருவி இருப்பது மட்டுமே காரணமாகக் கதிர்வீச்சு சிகிச்சை கிடையாது என்று யாராவது சொன்னால், அதை முடிவாக ஏற்காதீர்கள். மருத்துவ இயற்பியலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலான மருத்துவமனைகளில் அவர் அறை தரைத்தளத்திலோ அடித்தளத்திலோ இருக்கும். கதவைத் தட்டுங்கள்.